அலுமினியப் படகில் தரைப்பலகையும் கார்ப்பெட்டும் மாற்றுவது

அமெரிக்க ஏரிகளில் மீன்பிடிக்க ஓடும் 14 முதல் 18 அடி அலுமினியப் படகுகளைப் பழையதாக வாங்குகிறவர்கள், எஞ்சினைப் பார்க்குமுன் தரையில் குதிகாலை அழுத்தி ஊன்றிப் பார்க்க வேண்டும். அமுங்கினால் அடிப்பலகை இற்றுவிட்டது. மேலே இன்னொரு பலகை அடிப்பது வீண்வேலை.

பழைய பலகையை முடிந்தவரை உடையாமல் எடுங்கள். புதியதை வெட்ட அதுதான் அளவு. பலகையைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளின் (உலோக ஆணிகளின்) தலையை மட்டும் ட்ரில்லால் எடுத்துவிட்டு, தண்டைத் தட்டி இறக்கினால் போதும்.

அடியில் இருக்கும் நுரை குப்பையல்ல, படகு கவிழ்ந்தாலும் மூழ்காமல் தாங்குவது அதுதான். ஒரு கன அடி நுரை சுமார் 60 பவுண்டு தாங்கும். கையில் எடுத்தால் கனக்கிறதா? நீர் குடித்திருக்கிறது; எடுத்த அளவுக்குக் குறையாமல் புதிது வையுங்கள். கட்டடக் கடைகளில் கிடைக்கும் நீல, இளஞ்சிவப்பு நுரைப்பலகை பெட்ரோல் பட்டால் கரையும். டேங்க் பக்கம் அது வேண்டாம்.

தரை திறந்திருக்கும்போதே, படகு ட்ரெய்லரில் இருக்க, உள்ளே 2 அங்குலத்துக்குத் தண்ணீர் விட்டு, வெளியே கசியும் படகுத் தகட்டு ரிவெட்டுகளைச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

பலகையில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘மழைக்குத் தாங்கும்’ என்று நம்பி மருந்தேற்றிய ப்ளைவுட் வாங்குவார்கள். அந்த மருந்தில் செம்பு உண்டு. ஈரத்தில் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். தரை நன்றாக இருக்கும், படகு ஓட்டையாகும். படகுக்கென்றே செய்யும் மரைன் ப்ளைவுட் நல்லது. விலை கட்டுப்படியாகாவிட்டால் மருந்தேற்றாத எக்ஸ்டீரியர் ப்ளைவுட் போதும். அதன் பசையும் நீர் தாங்கும், உள்ளடுக்குகளில்தான் பொந்துகள் இருக்கும். வெட்டிய ஓரத்தில் தெரியும் பொந்துகளைக் கெட்டியான எபாக்சியால் (இரண்டு பாகம் கலந்தால் இறுகும் பிசின்) அடையுங்கள். பலகைக்கு அடியில் இருக்கும் தாங்கிகள் நெருக்கமாக இருந்தால் பலகையின் தடிமன் 1/2 அங்குலம், இல்லையென்றால் 3/4.

இற்றுப்போவது ஓரத்திலும் திருகுத் துளையிலும்தான் தொடங்கும். ஆகவே துளைகளைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, எபாக்சி நிரப்பி, இறுகியபின் நடுவே சரியான அளவில் துளையிடுங்கள். பிறகு அடிப்பக்கம் உட்பட முழுப்பலகைக்கும் எபாக்சி மூன்று பூச்சு. முந்தைய பூச்சு இறுகிவிட்டிருந்தால், மெழுகுபோல் படிந்திருப்பதைத் தண்ணீரால் கழுவித் தேய்த்த பிறகே அடுத்தது, இல்லையென்றால் உரியும்.

கார்ப்பெட் துண்டுகள் எல்லாவற்றிலும் இழை ஒரே திசையில் படியட்டும், மாறினால் வேறு நிறம்போலத் தெரியும். பசையை ஓரத்தில் பற்கள் வெட்டிய கரண்டியால் சீராக இழுத்து, ஓரங்களை 2 அங்குலம் அடிப்பக்கம் மடித்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டேப்பிள் அடியுங்கள். சாதா ஸ்டேப்பிள் துருப்பிடித்துக் கறைவிடும். தரையில் திறந்து மூடும் சாமான் அறைகளின் மூடிகளை வெட்டும்போது மடித்த கார்ப்பெட்டின் தடிமனையும் கணக்கில் எடுத்து, நான்கு பக்கமும் 1/4 அங்குலம் குறையுங்கள். ஈரத்தில் பலகை உப்பினால் மூடி திறக்காது.

கார்ப்பெட் ஈரத்தைப் பிடித்துவைக்கும், தூண்டில் முள்ளும் மாட்டும். மழையில் மூடாமல் நிற்கும் படகென்றால் மரைன் வினைல் ஒட்டுவதே மேல்.