நடுக்கடல்ல கம்ப்யூட்டர் படுத்துச்சு, கையில இருந்தது மெயில் மட்டும்

போன செவ்வாய்க்கிழமைதான் கப்பல் டியூட்டி முடிஞ்சு சைன் ஆஃப் ஆகி தூத்துக்குடி வந்து சேந்தேன், இன்னும் நடந்தா தரை ஆடுற மாதிரியே இருக்கு, ஆனா மறக்குறதுக்குள்ள இதை எழுதிடணும். கப்பல்ல இருக்குறவங்க, ஆயில் ரிக்ல இருக்குறவங்க, மெயிலைத் தவிர வேற எதுவுமே கிடைக்காத எடத்துல மாட்டுனவங்க யாருக்காவது ஒரு வாரம் மிச்சமாகும்.

நான் பல்க் கேரியர்ல, அதாவது தானியம் மாதிரி சரக்கைக் கொட்டி ஏத்துற கப்பல்ல, செகண்ட் மேட். பிரேசில் சாண்டோஸ்ல சோயா ஏத்திட்டு, கேப் ஆஃப் குட் ஹோப் சுத்தி, சிங்கப்பூர்ல பங்கர் (கப்பல் எரிபொருள்) எடுத்துட்டு சீனா போற ரன். கிளம்பி ஒம்பதாவது நாள் சாட்டிலைட் இன்டர்நெட் வாங்குற விசாட் டோம் செத்துப் போச்சு. கப்பல் தொழிலாளர்களுக்கான எம்எல்சி ஒப்பந்தத்தோட திருத்தம் 2024 டிசம்பர் 23-ல இருந்து நடைமுறைக்கு வந்துடுச்சு, க்ரூவுக்கு இன்டர்நெட் குடுக்கணும்னு சட்டமே இருக்கு, ஆனா டோம் உள்ள மோட்டார் சுத்தலன்னா சட்டம் என்ன செய்யும். மிச்சம் இருந்தது ஃப்ளீட் பிராட்பேண்ட்ங்குற பேக்கப் சாட்டிலைட் லைன், அதுவும் எங்க கப்பல்ல மெயிலுக்கு மட்டும்தான். கேப்டன் ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருந்து ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கனெக்ட் ஆகி மெயில் போகும் வரும். 150 கேபிக்கு மேல இருக்குற மெயில் கரையிலேயே நின்னுடும், நமக்கு அனுப்புனவர் பேரும் சைஸும் மட்டும் வரும்.

பதிமூணாவது நாள் ராத்திரி, கேப் தாண்டி நல்ல ஸ்வெல், என்னோட 12-4 வாட்ச், ஜெனரேட்டர் ட்ரிப் ஆகி பிளாக்அவுட். எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 செகண்டுக்குள்ள வரணும், வந்துச்சு, ஈசிடிஸ் (கம்ப்யூட்டர்ல ஓடுற கடல் மேப்), ரேடார் எல்லாம் அணையாம ஓடுச்சு. கப்பலை ஓட்டுற எடமான பிரிட்ஜ்ல இருக்குற ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் அணைஞ்சு போச்சு, ஏன்னா அதோட யூபிஎஸ் பேட்டரி எப்பவோ வீணாப் போயிருக்கு, யாரும் பாக்கல. கரண்ட் வந்ததும் ஆன் பண்ணுனா கறுப்புத் திரையில ஏதோ ரெண்டு வரி, எஃப் 2 அமுக்குனா மேல போகுது, விண்டோஸ் லோகோ வந்த மாதிரி வந்து நீலத்திரை, திரும்ப ரீஸ்டார்ட், திரும்ப நீலத்திரை. விடியுற வரைக்கும் இதையே பண்ணிட்டு இருந்தேன்.

அந்த மெஷின்லதான் எல்லாம் இருக்கு. வாரா வாரம் அட்மிரால்டி சார்ட் (கடல் மேப்) அப்டேட் அதுல வாங்கித்தான் பென்டிரைவ்ல ஈசிடிஸ்க்கு கொண்டு போகணும். க்ரூவோட ஓய்வு நேரத்தைக் குறிக்கிற ரெஸ்ட் ஹவர் ஷீட், கப்பல் போற வழியோட பேசேஜ் பிளான், சிங்கப்பூர் ப்ரீ அரைவல் ஃபார்ம் எல்லாமே அதுக்குள்ள. அப்டேட் இல்லாத சார்ட்டோட சிங்கப்பூர் ஸ்ட்ரெயிட்டுக்குள்ள (ஜலசந்தி) போறதை நெனச்சாலே வயித்தைக் கலக்குச்சு.

காலையில கேப்டன்கிட்ட சொல்லிட்டு கம்பெனி ஐடி டெஸ்க்குக்கு மெயில் போட்டேன். ஒரே வரி: பிரிட்ஜ் கம்ப்யூட்டர் ஆன் ஆகல, நீலத்திரை வருது, இங்க மெயில் தவிர எதுவும் இல்ல. கூடவே மொபைல்ல எடுத்த போட்டோ. இதுதான் முதல் தப்பு. போட்டோ 4 எம்பி. அது லைனை அடைச்சுக்கிட்டு பாதி போறதும் கட்டாகுறதும் திரும்ப முதல்ல இருந்து போறதுமா நின்னு, பின்னாடி இருந்த, தினமும் மத்தியானம் ஆபீஸுக்குப் போற நூன் ரிப்போர்ட் போகவே இல்ல. ஆபீஸ்ல இருந்து சாட்டிலைட் போன்ல கேப்டனுக்கு கால் வந்துடுச்சு ரிப்போர்ட் எங்கன்னு. கேப்டன் தங்கமான மனுசன், அன்னைக்கு அவர்கிட்ட வாங்குன திட்டை வாழ்க்கையில மறக்க மாட்டேன். போட்டோ அனுப்பியே ஆகணும்னா பெயின்ட்ல தொறந்து அகலத்தை 640-க்கு இறக்குங்க, நான் அப்புறம் அப்படிப் பண்ணப்போ 40 கேபிகூட வரல, எழுத்து எல்லாம் நல்லாத் தெரிஞ்சுது.

ஐடி டெஸ்க்ல இருந்து முதல் பதில்: டிக்கெட் பதிவாயிடுச்சு. மறுநாள் ரெண்டாவது பதில்: ரிமோட் செஷன் தொறந்து ஐடி நம்பர் அனுப்புங்க. மெயில் தவிர எதுவும் இல்லன்னு முதல் மெயில்லயே எழுதியிருந்தேன். திரும்ப எழுதுனேன். அடுத்த நாள் பதில்: விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோட சப்போர்ட் முடிஞ்சிடுச்சு, இந்த லிங்க்கைப் பாருங்க. அதுக்கும் பதில் எழுதுனா, ஐஎஸ்ஓ ஃபைல் டவுன்லோட் பண்ணி பென்டிரைவ்ல ஏத்தி ரீஇன்ஸ்டால் பண்ணுங்க. அந்த ஃபைல் 3 ஜிபிக்கு மேல. எங்களுக்கு ஒரு மெயிலுக்கு 150 கேபி. கணக்கு போட்டுப் பாத்தேன், 20,000 மெயில். அந்தப் பக்கம் இருக்குறவர் கெட்டவர்னு சொல்ல வரல, அவர் உக்காந்திருக்குற எடத்துல எல்லாத்துக்கும் லிங்க்தான் பதில். ஆனா நாலு நாள் போச்சு, கையில ஒரு வரி விஷயம்கூட வந்து சேரல, எனக்கு அழுகையே வந்துடுச்சு.

இதுக்கு நடுவுல தேர்ட் இன்ஜினியர் ஒரு பென்டிரைவ் கொண்டு வந்தார், ஏதோ ஒரு விண்டோஸ், ஃபார்மட் பண்ணிடலாம் செகண்ட் சாப்னு. நான் ஒத்துக்கல. ரெஸ்ட் ஹவர் ரெக்கார்டு போச்சுன்னா துறைமுகத்துல கப்பலைச் சோதிக்கிற போர்ட் ஸ்டேட் இன்ஸ்பெக்டர் முன்னாடி பதில் சொல்ல வேண்டியது நான். டிஸ்க்ல டேட்டா இருக்கா செத்துடுச்சான்னு தெரியாம ஃபார்மட்ல கை வைக்காதீங்க, யார் எவ்வளவு அவசரப்படுத்துனாலும்.

அஞ்சாவது நாள் ராத்திரி வாட்ச்ல திடீர்னு ஞாபகம் வந்துச்சு, செயில்டாக்ஸ். பாய்மரப் படகுல உலகம் சுத்துறவங்க வெதர் வாங்குற சர்வீஸ் அது. ஒரு மெயில் அட்ரஸ், கொயரி அட் செயில்டாக்ஸ் டாட் காம், அதுக்கு மெயிலோட உள்ள செண்ட் ஜிஎஃப்எஸ்னு போட்டு லாட்டிட்யூட் லாங்கிட்யூட் குடுத்தா அமெரிக்க வானிலை அமைப்பான நோவாவோட காத்து, பிரஷர் டேட்டாவை அந்த ஏரியாவுக்கு மட்டும் வெட்டி சின்ன வெதர் ஃபைலா (கிரிப்) திருப்பி அனுப்பும். காசு கிடையாது. பழைய கப்பல்ல ஒரு சீஃப் மேட் சொல்லிக் குடுத்தது. அதே அட்ரஸுக்கு செண்ட் போட்டு வெப்சைட் அட்ரஸ் குடுத்தா அந்தப் பக்கத்தோட எழுத்தை மட்டும் உருவி மெயில்ல அனுப்பும், இது நிறைய பேருக்குத் தெரியாது. கேப்டன்கிட்ட சொன்னப்போ அவர் சிரிச்சுட்டு, இது பழைய வித்தை, 90-கள்ல எஃப்டிபிமெயில்னு இருந்துச்சு, ஃபைலை எழுத்தா மாத்தி துண்டு துண்டா மெயில்ல அனுப்பும், நாம ஒட்டிக்கணும்னார். அப்புறம் இத்தாலியில ட்ரீஎஸ்ட்ல இருக்குற ஐசிடிபி, இன்டர்நெட் சரியில்லாத நாட்டு விஞ்ஞானிகளுக்காக மெயில்லயே வெப் பக்கம் அனுப்புற ஏற்பாடு ஒண்ணு வச்சிருந்துச்சு, அதையும் அவர்தான் சொன்னார். அனுப்பிப் பாருன்னு பர்மிஷன் குடுத்துட்டார்.

பிரச்சனை என்னன்னா செயில்டாக்ஸ்ல தேட முடியாது, முழு அட்ரஸும் நம்ம கையில இருக்கணும். என் கையில இருந்த ஒரே அட்ரஸ், ஐடி டெஸ்க் அனுப்புன அந்த லிங்க். அதை அப்படியே காப்பி பண்ணி அனுப்புனேன். பக்கம் இல்லைன்னு திரும்பி வந்துச்சு. அரை நாள் வீண். உத்துப் பாத்தாதான் தெரியுது, மெயில் ப்ரோகிராம் நீளமான லிங்க்கை ரெண்டு வரியா ஒடச்சிருக்கு, நான் முதல் வரியை மட்டும் எடுத்திருக்கேன். ரெண்டையும் ஸ்பேஸ் இல்லாம ஒட்டி, மேல கீழ வேற எழுத்தே இல்லாம, மெயில் அடியில வர்ற கையெழுத்தைக்கூட எடுத்துட்டு திரும்ப அனுப்புனேன். அடுத்த கனெக்ஷன்ல வந்து விழுந்துச்சு, மைக்ரோசாஃப்ட்டோட பக்கம், ஸ்டாப் எரர் 7பி பத்தி, படம் பட்டன் ஒண்ணும் இல்லாம வெறும் எழுத்து. எங்க திரையிலயும் கடைசில 7பிதான். காரணம்னு போட்டு வரிசையா கொடுத்திருக்காங்க, டிரைவர் கெட்டுப் போறது, ஃபைல் சிஸ்டம் கெட்டுப் போறது, அதுக்கு நடுவுல ஒரு வரி: பயாஸ்ல (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற அடிப்படை செட்டிங்) ஸ்டோரேஜ் கன்ட்ரோலர் மோடு மாறியிருந்தாலும் இது வரும். இந்த ஒரு வரியை ஐடி டெஸ்க்காரர் மெயில்ல டைப் பண்ணியிருந்தா எனக்கு மூணு நாள் மிச்சம். லிங்க் அனுப்புறவங்களுக்கு கை கூப்பிக் கேக்குறேன், கப்பலுக்கு அனுப்பும்போது லிங்க்கைத் தொறந்து எழுத்தை ஒட்டி அனுப்புங்க.

மோடு மாறியிருக்குன்னா யார் மாத்துனா, யாருமே பயாஸ்க்குள்ள போகலையே. இங்கதான் தம்பிக்கு மெயில் போட்டேன், அவன் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வச்சிருக்கான். அவனோட முதல் பதில் முழுக்க கேள்விக்குறி. தமிழ்ல டைப் பண்ணியிருக்கான், எங்க மெயில் சிஸ்டம் அவ்வளவையும் கேள்விக்குறியா மாத்திடுச்சு. இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிடான்னு சொல்லி அனுப்பி அதுக்கு ஒரு ராத்திரி.

ரெண்டாவது மெயில்ல அவன் கேட்ட முதல் கேள்வி: அண்ணே, நீலத்திரையை விடு, அதுக்கு முன்னாடி கறுப்புத் திரையில என்ன வருது, ஒரு எழுத்து விடாம அடிச்சு அனுப்பு. ஆறு நாளா நான் படிக்காமலே தாண்டிப் போன ரெண்டு வரி. போய் நின்னு எழுதுனேன். சிமாஸ் செக்சம் பேட், அதாவது சேமிச்சு வச்ச பயாஸ் செட்டிங் கெட்டுப் போச்சு. எஃப் 1 அமுக்குனா செட்டப், எஃப் 2 அமுக்குனா டீஃபால்ட் வேல்யூ லோடு பண்ணிட்டு மேல போகும்.

அவனோட பதிலை பிரின்ட் எடுத்து இன்னும் வச்சிருக்கேன். மதர்போர்டுல இருக்குற பொட்டு பேட்டரி எப்பவோ தீந்து போச்சு. மெஷின் எப்பவும் பிளக்ல இருந்ததால அந்தக் கரண்ட்லயே செட்டிங் எல்லாம் உசுரோட இருந்திருக்கு. பிளாக்அவுட்ல அதுவும் போய் பயாஸ் எல்லாத்தையும் மறந்துடுச்சு, நீ ஒவ்வொரு தடவை எஃப் 2 அமுக்கும்போதும் டீஃபால்ட் ஏறுது, பழைய போர்டுல டிஸ்க்கைப் படிக்கிற மோடு டீஃபால்ட்டா ஐடிஇ, உங்க விண்டோஸ் போட்டிருக்குறது ஏஹெச்சிஐல, அதான் டிஸ்க்கை அதுக்குப் படிக்கத் தெரியல. டிஸ்க்குக்கு ஒண்ணும் ஆகியிருக்காது அண்ணே, பயப்படாதன்னு எழுதியிருந்தான். அந்த வரியை நாலு தடவை படிச்சேன்.

இன்னொரு நல்ல காரியம் பண்ணியிருந்தான். ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நாள் போகுதுன்னு புரிஞ்சுக்கிட்டு எல்லா வழியையும் ஒரே மெயில்ல போட்டுட்டான். ஏஹெச்சிஐன்னு இல்லாம ரெய்டுன்னு இருந்தா அதையும் ஒரு தடவை போட்டுப் பாரு, அதுக்கும் நீலத்திரை வந்தா சேஃப் மோடு, அதுவும் வரலன்னா டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டு, எதுக்கும் ஃபார்மட் மட்டும் பண்ணாத. மெயில்ல உதவி கேக்குறவங்க இப்படித்தான் கேட்டு வாங்கணும், இது நடந்தா என்ன செய்ய, நடக்கலன்னா என்ன செய்யன்னு ரெண்டையும் சேத்து.

பேட்டரிக்கு எங்க போறது. சிஆர் 2032, 3 வோல்ட். ஸ்டோர்ல இல்ல. எங்க எலக்ட்ரிக்கல் ஆபீசர் பத்தி சாப் எல்லா டப்பாவையும் கவுத்துப் பாத்துட்டார், டபுள் ஏ இருக்கு, ட்ரிபிள் ஏ இருக்கு, இது இல்ல. சீஃப் குக்தான் சொன்னார், ஜிம்ல கண்ணாடி வெயிட் மெஷின் இருக்கே, அதுக்குள்ள வட்டமா ஒண்ணு இருக்கும்னு. கவுத்து மூடியைத் தொறந்தா பளபளன்னு அதே 2032. பத்தி சாப் மல்டிமீட்டர் வச்சார், 2.9. கம்ப்யூட்டர் பிளக்கை உருவிட்டு மூடியைக் கழட்டி, தூசியை பிரஷ்ல தட்டி, சின்ன ஸ்க்ரூடிரைவரால கிளிப்பை ஓரமா நெம்புனா டிக்குன்னு பழசு எழும்பிக்கிட்டு வந்துச்சு, அதுல மீட்டர் காட்டுனது 0.8. எழுத்து இருக்குற பக்கம் மேல வர்ற மாதிரி புதுசை அமுக்குனேன்.

ஆன். எஃப் 1. தேதியைத் திருத்துனேன். டிஸ்க் மோடு இருக்குற சாட்டா மோடுல போய் நின்னா ஐடிஇ. ஏஹெச்சிஐ. எஃப் 10. கப்பல் ஆடுறதுகூட தெரியல அப்போ. விண்டோஸ் லோகோவோட நாலு கலரும் வந்து ஒட்டுச்சு, நீலத்திரை வர்ற நேரம் தாண்டுச்சு, லாகின் வந்துடுச்சு. பத்தி சாப் என் முதுகுல போட்ட அடி இன்னும் வலிக்குது. ரெஸ்ட் ஹவர் ஷீட் எல்லாம் அப்படியே இருந்துச்சு. நின்னு போன சார்ட் அப்டேட்டை 150 கேபிக்குள்ள வர்ற மாதிரி பகுதி பகுதியா கேட்டு வாங்கி முடிக்க இன்னும் மூணு நாள், சிங்கப்பூர் போற வழியில இந்தோனேசியாவுல வர்ற சுந்தா ஸ்ட்ரெயிட்டுக்கு முன்னாடியே ஈசிடிஸ்ல ஏத்திட்டேன்.

இப்போ கப்பல்ல இருக்குறவங்க இன்னைக்கே பண்ண வேண்டியது, மெஷின் நல்லா இருக்கும்போதே பயாஸ்க்குள்ள போய் ஒவ்வொரு பக்கத்தையும் மொபைல்ல போட்டோ எடுத்து பிரின்ட் போட்டுடுங்க. 2032 ரெண்டு மூணு வாங்கி வச்சுக்கோங்க. செயில்டாக்ஸ்க்கு டோம் வேலை செய்யும்போதே ஒரு தடவை மெயில் அனுப்பி உங்க கம்பெனி ஃபில்டர் விடுதான்னு பாத்துக்கோங்க, புது மாதிரி வெப்சைட் சிலது அதுல வெறும் மெனு மட்டும்தான் வரும், ரெண்டு தடவை எனக்கு அப்படி ஆச்சு. கரையில ஒரு ஆளை சொல்லி வச்சுக்கோங்க, தேடி எடுத்து எழுத்தா ஒட்டி அனுப்புற ஆள்.

சிங்கப்பூர் ஆங்கரேஜ்ல சப்ளை போட் வந்தப்போ பத்து பேட்டரி வாங்குனோம். ஜிம் மெஷினுக்கு ஒண்ணு போட்டாச்சு. பயாஸ் செட்டிங் பேப்பரை பிளாஸ்டிக் கவர்ல போட்டு சிபியு பக்கவாட்டுல ஒட்டி, கீழ சிவப்புப் பேனாவுல எஃப் 2 அமுக்காதேன்னு எழுதி, எனக்குப் பதிலா ரிலீவரா வந்த பையன்கிட்ட முதல் வேலையா அதைத்தான் காட்டுனேன்.