கமாண்டருக்கு எத்தனை பல்?

மாமாவின் கமாண்டர் ஜீப்பில் பழைய எஞ்சினை இறக்கிவிட்டு 2523 சிசி டர்போ டீசல் ஏற்றி ஒரு வருடம் ஆகிறது. ஆர்சி புத்தகத்தில் அதைப் பதிந்தது தனிக்கதை, இப்போது வேண்டாம். எந்த எஞ்சின், எந்தப் பம்ப், ரேடியேட்டர் தாங்குமா என்று மாதக்கணக்கில் பேசினோமே தவிர, பின் ஆக்சிலுக்குள் என்ன பல்சக்கர ஜோடி இருக்கிறது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. முதல் நாள் வாடிப்பட்டி தாண்டி நாலுவழிச் சாலையில் 80ஐத் தொட்டதும்தான் தெரிந்தது. டாப் கியரிலேயே எஞ்சின் கத்துகிறது, இன்னொரு கியர் இருக்காதா என்று கை தானாகத் தேடுகிறது, எங்கள் வண்டியில் ஏது ஐந்தாம் கியர்!

புதூர் தொழிற்பேட்டைப் பக்கம் எங்களுக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஆக்சிலைப் பிரிக்கவே இல்லை. வண்டியை நியூட்ரலில் போட்டு, முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, பின்சக்கரத்தில் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி, அதை இரண்டு முழுச் சுற்று சுற்றச் சொன்னார். அவர் கீழே படுத்துக்கொண்டு புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் (கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினார். "அஞ்சேகாலுக்கு மேல, அஞ்சரைக்குக் கீழ. 43க்கு 8 தம்பி." அதாவது ஆக்சிலுக்குள் சக்கரங்களைச் சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43 பல், ஷாஃப்ட் முனையில் அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 8 பல், வகுத்தால் 5.38. ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று. (ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது மற்றது இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று சுற்றும். இது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.)

இனி கணக்கு. டயர் 215/75 ஆர்15, ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 600 சுற்றுக்குக் கொஞ்சம் மேல் சுற்றும். டாப் கியர் நேர் 1க்கு 1, அதாவது எஞ்சினும் ஷாஃப்ட்டும் ஒரே வேகத்தில் சுற்றும் என்பதால் அதை 5.38ஆல் பெருக்கினால் எஞ்சின் நிமிடத்துக்கு 3,200 சுற்றை (ஆர்பிஎம்) தாண்டிவிடுகிறது. எங்கள் எஞ்சின் நன்றாக இழுப்பது 1,500இலிருந்து 2,200 வரை, 3,000க்கு மேல் டீசலைக் குடித்துச் சத்தம் போடும், அவ்வளவுதான்.

கப்பலூரில் வேலை பார்க்கும் நண்பனிடம் சொன்னதும், "மாப்ள, யோசிக்காத, 41க்கு 11 போடு, ரோட்டுல தூங்கிக்கிட்டே போகும்" என்றான். 3.73. 80இல் 2,250 ஆர்பிஎம். தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் மாமாவுக்குச் சிறுமலையில் வாழைத் தோட்டம். தார் ஏற்றிக்கொண்டு 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்க வேண்டும், உரமூட்டையோடு ஏற வேண்டும். வளைவில் 15 கிலோமீட்டர் வேகம், இரண்டாம் கியர் (எங்கள் பெட்டியில் சுமார் 2.4) என்று வைத்துப் போட்டுப் பார்த்தேன். 5.38இல் எஞ்சின் 1,450இல் நிற்கிறது. 3.73இல் 1,000. அந்தச் சுற்றில் டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி) வேலையே செய்யாது.

டர்போ வண்டிக்குக் கியர் விகிதம் பார்க்கிறவர்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். 5.38இலிருந்து 4.27க்கு (நான் கடைசியில் எடுத்தது இதுதான்) மாறினால் சக்கரத்துக்குப் போகும் இழுவைப் பெருக்கத்தில் 20 சதவீதம் போச்சு. டர்போ அதைவிடக் கூடுதலாகவே தருகிறது என்பது உண்மை, ஆனால் எங்கள் எஞ்சினில் 1,500க்கு மேல்தான் தரும். அதற்குக் கீழே அது டர்போ இல்லாத பழைய எஞ்சின் மாதிரிதான், இழுவைக்கு உதவப் பெருக்கமும் இல்லை, நீங்கள் கிளட்சைத் தேய்த்துத் தேய்த்துத்தான் கிளப்ப வேண்டும். காற்று பத்தாமல் டீசல் மட்டும் போனால் கரும்புகை வேறு. சரி, அப்படியானால் 5.38ஐயே விட்டுவிடலாமே என்றால் அதிலும் வேறு வம்பு இருக்கிறது. டர்போவைச் சுற்றுவது புகைபோக்கிக் காற்று. எஞ்சினுக்குப் பாரம் விழுந்து டீசல் நிறைய எரிந்தால்தான் அந்தக் காற்றில் சூடும் வேகமும் இருக்கும். 5.38இல் எஞ்சின் பாரமே தெரியாமல் சர்ரென்று சுற்று ஏறிவிடும், டர்போ விழித்து அழுத்தம் கட்டுவதற்குள் கியர் மாற்றும் நேரம் வந்துவிடும். காசு கொடுத்து வாங்கிய டர்போ சும்மா உட்கார்ந்திருக்கும்.

பழைய ஸ்பேர்ஸ் கடையில் எங்கள் ஹவுசிங்குக்கு (ஆக்சில் கூடு) பொருந்துவதாக மூன்று ஜோடி கிடைத்தது: 39க்கு 8, 47க்கு 11, அப்புறம் நண்பன் சொன்ன 41க்கு 11. முதலாவது 4.88, 80இல் 2,900ஐத் தாண்டும், அதற்காக ஆக்சிலைப் பிரிப்பது வீண். நான் எடுத்தது 47க்கு 11, அதாவது 4.27. 80இல் 2,580, 65இல் 2,100. கொண்டை ஊசியில் 1,150தான் வரும், அங்கே முதல் கியர் போட்டுக்கொள்ளலாம், மாமா ஒன்றும் பந்தயத்துக்குப் போகவில்லை. இன்னொரு லாபமும் உண்டு. 8 பல் பினியனைவிட 11 பல் பினியன் தடிமன், டர்போவின் இழுப்பைத் தாங்கும். பல் எண்ணிக்கை ஏன் 44க்கு 11 என்று சுத்தமாக வகுபடாமல் இருக்கிறது என்று கேட்டேன். வகுபட்டால் அதே பல் அதே பல்லோடுதான் திரும்பத் திரும்ப உரசும், இப்படி இருந்தால் எல்லாப் பல்லும் எல்லாவற்றோடும் சேர்ந்து சமமாகத் தேயும் என்றார் அண்ணன்.

கிரவுனையும் பினியனையும் தனித்தனியாக வாங்காதீர்கள், இரண்டிலும் ஒரே எண் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பல்லில் நீல மை தடவி, ஷிம் (இடைவெளி சரிசெய்யும் மெல்லிய தகடு) போட்டு, பிரித்து, மறுபடி போட்டு அண்ணன் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்தார். இந்த வேலைக்கு அவசரப்படுத்தினால் ஆக்சில் ஆயுசுக்கும் ஊளையிடும். 90 கியர் ஆயில் ஊற்றி, முதல் 500 கிலோமீட்டர் பாரம் ஏற்றாமல் ஓட்டினேன். எங்களுடையது டூ வீல் டிரைவ் என்பதால் இதோடு முடிந்தது. ஃபோர் வீல் என்றால் முன் ஆக்சிலிலும் இதே விகிதம் போட்டாக வேண்டும், செலவு இரட்டிப்பு.

சாலையில் இப்போது பேச்சுச் சத்தம் கேட்கிறது. மலை இறங்கும்போதுதான் பழகக் கொஞ்ச நாள் ஆனது. எஞ்சின் பிடிமானமும் (ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிப்பது) அதே 20 சதவீதம் குறைந்துவிட்டது, முன்பு இரண்டாவதில் இறங்கிய இடத்தில் பிரேக் சூடாகி வாசம் வந்தது. இப்போது முதல் கியர்.

ஸ்பீடோமீட்டர் ஓடுவது கியர் பெட்டியின் வால்பக்கத்திலிருந்து, அதே வேகத்துக்கு அது இப்போது குறைவாகச் சுற்றுகிறது, அதனால் முள்ளும் குறைத்துத்தான் காட்டும். அதற்குரிய சின்னப் பல்சக்கரம் இன்னும் கிடைக்கவில்லை. மாமா முன்சீட்டில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தபடியே, "அறுபதுலயே போ மாப்ள, வண்டிக்கு அதுதான் நல்லது" என்கிறார். அப்போது வண்டி 75இல் போய்க்கொண்டிருக்கிறது. நான் இன்னும் சொல்லவில்லை.