கெராச்சூட் கடற்கரைக்கு இரண்டு கத்திகள்

நேற்றிரவுதான் பினாங்கிலிருந்து கோலாலம்பூர் திரும்பினேன். பையை இன்னும் பிரிக்கவில்லை. அதற்கு முன் கத்தி விஷயத்தை எழுதிவிடுகிறேன்.

போன மாதம் இங்கே ஒரு கடையில் முகாமுக்குக் கத்தி கேட்டேன். "காட்டுக்குப் போறீங்கன்னா இதுதான் தம்பி, விறகையே பிளக்கலாம்" என்று 6 மில்லிமீட்டர் தடிமனான கார்பன் எஃகுக் கத்தி ஒன்றைத் தலையில் கட்டினார்கள். 280 வெள்ளி (ரிங்கிட்)! போக வர ரயில் டிக்கெட்டே அவ்வளவு ஆகவில்லை.

ஜார்ஜ்டவுனின் கொம்தார் கட்டடத்திலிருந்து தெலுக் பஹாங்கிற்கு 101 பஸ். அங்கிருந்து பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் ஒன்றரை மணி நேரம் நடந்தால் கெராச்சூட் கடற்கரை. அங்கே ஆண்டில் சில மாதங்கள் மட்டும் நிறையும் ஒரு ஏரி இருக்கிறது. மேலே நன்னீர், அடியில் கடல்நீர், இரண்டும் கலப்பதே இல்லை. அதற்காகவே ஒருமுறை போகலாம்.

கூடாரம் போட்டு, அடுப்பு மூட்டி, வெங்காயத்தை எடுத்தேன். அந்தத் தடித்த கத்தி பாதி இறங்கியதும் வெங்காயம் 'டக்'கென்று பிளந்து இரண்டு பக்கமும் ஓடியது. அறுக்கவே இல்லை, ஆப்பு வைத்ததுபோல் விலக்குகிறது. விறகு பிளக்கலாம் என்றால், பூங்காவுக்குள் மரம் வெட்டக் கூடாது. பிறகு எதற்கு இந்த எடை?

மச்சான் தன் பையிலிருந்து மோரா என்ற சுவீடன் கத்தியை நீட்டினான். வாய் 10 சென்டிமீட்டர், தடிமன் 2.5 மில்லிமீட்டர்தான். வெங்காயம் தாள்தாளாக வந்தது. கயிறு, எலுமிச்சை, மீன் செதில், கூடார முளைக்குக் கூர் சீவுவது, எல்லாமே அந்த ஒன்றில் முடிந்தது. சார்டின் சம்பால் அன்று அவ்வளவு ருசி!

காலையில் பார்த்தால் என் கத்தி முழுக்க ஆரஞ்சுப் புள்ளிகள். உப்புக் காற்றும் வெங்காயச் சாறும் ஒரே இரவில் செய்த வேலை. கார்பன் எஃகு மோசம் என்று சொல்ல மாட்டேன், தீட்டினால் சீக்கிரம் கூர் ஏறும். ஆனால் துடைத்து எண்ணெய் தடவாமல் ஒரு ராத்திரிகூட விடக் கூடாது. மச்சான் கத்தி துருப்பிடிக்காத எஃகு. அந்த எஃகில் துருவைத் தடுக்கும் குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருக்கும், அதனால் பளிச்சென்றே இருந்தது. நம் ஊர்க் கடற்கரைக்கு அதுதான் சரி.

ஒன்று முக்கியம். கத்தியை உறையில் போட்டுப் பைக்குள் ஆழமாக வையுங்கள், இடுப்பில் கட்டிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். தகுந்த காரணமில்லாமல் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருந்தால் மலேசியாவின் 1958ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

திரும்பும்போது மழை. படகுக்காரர் ஏற்றும்போது 100 வெள்ளி என்றார், கரை வந்ததும் 150 கேட்டார். ரொம்ப நேரம் பேசி 120 கொடுத்தோம். இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. அப்புறம் ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் சோறு, எல்லாக் குழம்பையும் கலந்து ஊற்றி. சாப்பிட்டுக்கொண்டே மச்சானிடம் அந்த மோரா எங்கே கிடைக்கும் என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.