ஹம் காமாட்சிக்கு ஒரு மஞ்சள் முடிச்சு

பையன் 31 வாரத்திலேயே பிறந்து இன்குபேட்டரில் கிடந்த அன்று ராத்திரி, ஊரில் அம்மா 11 ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து சாமி படத்தடியில் வைத்துவிட்டாள், பிள்ளை நல்லபடியாக வீடு வந்தால் காமாட்சிக்குப் புடவை சாத்துவதாக. காஞ்சிபுரம் போக லீவு பார்த்துப் பார்த்தே இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கடைசியில் அவளே, "அங்கயே ஒரு காமாட்சி இருக்காளாமே, போய்ட்டு வாங்கடி" என்று ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் அரக்குப் பட்டுப்புடவையையும் முடிச்சையும் கொடுத்தனுப்பினாள்.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், கொலோனில். அங்கிருந்து ஹம் ஊருக்கு ரயிலில் இரண்டு மணி நேரம்தான், ஆனாலும் இத்தனை நாள் எட்டிப் பார்த்ததில்லை. ஈழத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள் எழுப்பிய கோயில், 2002-ல் கும்பாபிஷேகம். தொழிற்பேட்டைக்குள் ஷெட்டும் லாரியுமாகப் போகிற ரோட்டில் திடீரென்று 17 மீட்டர் கோபுரம் நிற்கிறது. எனக்குக் கை தானாகக் கன்னத்துக்குப் போய்விட்டது.

நாங்கள் போன ஞாயிற்றுக்கிழமை தேர். தெரிந்துதான் போனோம், ஆனால் இவ்வளவு கூட்டத்தை எதிர்பார்க்கவில்லை. அம்மன் தேருக்கு "அரோகரா" போடுவதை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். நமக்கு அது பெரும்பாலும் முருகனுக்குத்தான், அவர்களுக்கு அம்மனுக்கும் அதுதான். பெண்கள் சிலர் கையில் கற்பூரச் சட்டி, சிலர் தேருக்குப் பின்னால் அடிக்கொரு தரம் விழுந்து கும்பிட்டு அடி அழித்துக்கொண்டு வருகிறார்கள். ஆண்கள் ஈர வேட்டியோடு அந்தத் தார் ரோட்டிலேயே பிரதட்டை, நம் அங்கப்பிரதட்சணம்தான். ஜூன் வெயிலில் செருப்பில்லாமல் பத்தடி வைக்கவே எனக்கு உள்ளங்கால் கொதித்தது, போதாததற்கு வழியெல்லாம் உடைத்த தேங்காய்ச் சில்லு. குறை சொல்லக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன்: வடத்தைத் தொடப் போனால் முன்னால் நிற்கிறவர் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நகரவே மாட்டேன் என்கிறார், பிள்ளை வண்டியை இடித்துக்கொண்டு போகிறார்கள். கடைக்காரர்கள் வேறு வழியை மறித்து, ஒரு சின்ன அர்ச்சனைத் தட்டுக்குச் சொன்ன விலையில் ஊரில் ஒரு வாரக் காய்கறி வாங்கிவிடலாம். சரி, வாங்கினேன்.

தேர் இருப்பிடத்துக்கு வந்த பிறகு உள்ளே வரிசை. முக்கால் மணி நேரம். இவர் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார், நான் பையனை இடுப்பில் வைத்திருந்தேன், அவன் அழாமல் இருக்கட்டும் என்று முடிச்சைக் கையில் கொடுத்திருந்தேன். சந்நிதிக்கு நேராக வந்து பார்த்தால் அது அவன் வாயில் இருக்கிறது. நன்றாகச் சப்பி, மஞ்சள் உதட்டில் ஒழுகுகிறது. எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டு வருஷமாக அம்மா விரல் படாமல் வைத்திருந்த முடிச்சு, எச்சிலாகிவிட்டது.

அதற்குள் ஐயர் நட்சத்திரம் கேட்கிறார், எனக்கு வாயே வரவில்லை. பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா தோளைத் தட்டி, "ஐயர் கேக்கிறார், சொல்லுங்கோ தங்கச்சி" என்றார். உத்திரம் என்றேன். முடிச்சைக் காட்டி விஷயத்தையும் சொன்னேன். ஐயர் சிரித்துவிட்டார். "பிள்ளையின்ட எச்சில் அம்மாளுக்குத் தீட்டோ? போடுங்கோ."

அப்புறம் தீபாராதனை. புடவையை ஐயர் வாங்கி அவள் காலடியில் வைத்ததும், வெளிச்சத்தில் அந்த முகம் தெரிந்ததும்தான் ஞாபகம் இருக்கிறது. கேட்க வேண்டும் என்று ரயிலில் வரிசையாக நினைத்து வைத்திருந்த ஒன்றையும் கேட்கவில்லை தாயே, இவன் மூச்சு விடுகிறானா என்று கண்ணாடிக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருந்தேனே, இன்று உன் முன்னால் உன் காசையே சப்பிக்கொண்டு நிற்கிறான், இது போதும் எனக்கு, போதும், போதும். அழுதுகொண்டே நின்றேன், நகரச் சொன்னார்கள், நகர்ந்தேன்.

ஈர முடிச்சை உண்டியலில் போட்டது இவர்தான். ரயிலில் ஏறியதும் அம்மாவுக்குப் போன். தேர், கூட்டம், எதையும் கேட்கவில்லை.

"முடிச்ச அவுக்காமத்தான போட்டீங்க?"

"அவுக்கல" என்றேன். மற்றதைச் சொல்லவில்லை.