மொட்டை மாடி டைல்ஸ்

பக்கத்துத் தெருவில் ஒரு மொட்டை மாடி. உச்சி வெயிலில் 'டப்'னு சத்தம். நாலு டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கூடாரம் மாதிரி எழும்பி நிற்கிறது.

எழும்பிய டைலின் அடிப்பக்கம் பளிச்சென்று சுத்தம். ஒரு பொட்டு சிமெண்ட் ஒட்டவில்லை. கோளாறு அங்கேதான்.

விட்ரிஃபைடு டைல், அதாவது கண்ணாடி போல இறுகச் சுட்ட டைல், அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. அதில் சிமெண்ட் பால் எப்படிப் பிடிக்கும்? பாலிமர் கலந்த டைல் பசைதான் வேண்டும். பல் வைத்த கரணையால் தரையில் இழுத்துவிட்டு, டைலின் முதுகிலும் மெலிதாகத் தடவ வேண்டும். நாலு மூலையில் உருண்டை வைத்து அமுக்குவது வெளிவேலைக்கு ஆகவே ஆகாது. இடுக்கில் மழைத்தண்ணீர் தங்கும்.

அடுத்தது இடைவெளி.

10 மீட்டர் கான்கிரீட், 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 3 மி.மீ. நீளும். 'கோடே தெரியக்கூடாது' என்று ஒட்டிப் பதித்தால் அது எங்கே போகும்? டைலுக்கு டைல் 3 முதல் 5 மி.மீ. விடுங்கள். 3 மீட்டருக்கு ஒரு விரிவு இடைவெளி, இரண்டு திசையிலும். கைப்பிடிச் சுவர் ஓரத்திலும். இந்த விரிவு இடைவெளிகளில் கிரவுட் (இடுக்கை அடைக்கும் சிமெண்ட் கலவை) வேண்டாம், சீலன்ட் (ரப்பர் போல நெகிழும் அடைப்பான்).

பார்சிலோனாவின் பார்க் குவெல் பூங்காவில் கட்டடக் கலைஞர்கள் கௌடியும் ஜுஜோலும் வளைந்த பெஞ்சு முழுக்க உடைந்த டைல் சில்லுகளைப் பதித்தார்கள். முழு டைல் வளைவில் உட்காராது, சில்லு உட்காரும். நம்மூர் மாடிகளில் போடும் வெள்ளைச் சில்லு மொசைக்கும் அதே வித்தைதான். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்புவது கூடுதல் லாபம்.

ஒன்று மட்டும்: சில்லின் கூர் விளிம்பு மேலே துருத்தாமல் அமுக்கச் சொல்லுங்கள். வெறுங்காலில் வற்றல் காயப்போட வருகிறவர் பாவம்.