புட்டு மாஸ்டர்

தொண்ணூறுகளின் முதற்பாதியில் எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த யாரிடமும் புட்டு மாஸ்டர் என்று சொன்னால் போதும், ஆளைத் தெரிந்துவிடும். அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குப் பெயர் தேவையில்லை, தெரியாதவர்களுக்கு அவர் ஒரு ஆங்கில வாத்தியார், அவ்வளவுதான். அவருக்கும் அரிசிமாப் புட்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு தவணை முழுக்க 'புட்' என்ற ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல்லையும் அதன் பின்னால் ஒட்டுகிற சின்னச் சொற்களையும் வைத்துப் பாடம் நடத்தினார். இன்று பிரேசல் வேர்ப் என்கிறோமே, அதுதான். எங்களுக்கு அது காணாதா? புட் மாஸ்டர் புட்டு மாஸ்டர் ஆனார். அந்தப் பெயர் ஆசிரியர் அறைக்குள்ளும் போய்விட்டது. அவருக்கும் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

பாடத்திட்டத்தில் அப்படி ஒரு அலகும் இருக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் ஒன்றிரண்டு கேள்வி வரலாம், அதற்குப் போய் ஒரு தவணையா என்று வீடுகளில் முணுமுணுத்தார்கள். ரியூஷனில் அந்த நேரத்துக்குள் மூன்று கடந்தகாலப் பரீட்சைத் தாள்களை முடித்துவிடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் மாஸ்டருக்கு ஒரு கோபம் இருந்தது. எங்கள் ஆட்களின் ஆங்கிலம் கந்தோர்களுக்குக் கடிதம் எழுதிப் பழகிய ஆங்கிலம் என்பார். பெரிய பெரிய லத்தீன் சொற்களெல்லாம் தெரியும், வாசலில் வந்து நிற்கிற வெள்ளைக்காரனிடம் 'உள்ளே வந்து இரு' என்று சொல்ல மட்டும் வராது.

முதல் நாள் பாடம் விளக்கு. 1990 யூனில் சண்டை மறுபடி தொடங்கிய பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு மெல்லிய திரி. அதுதான் எல்லா வீட்டிலும் படிக்கிற வெளிச்சம். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு, படித்து முடித்த அடுத்த நொடியே விளக்கை நூர்க்கச் சொல்லிக் குசினிக்குள் இருந்து குரல் வரும். மாஸ்டர் கேட்டார், "விளக்கை நூர் என்றதுக்கு இங்கிலீஷ் என்னடா?" முன்வாங்கில் இருந்தவன் எழும்பி 'எக்ஸ்ரிங்குவிஷ்' என்றான். அவன் எப்போதும் முன்வாங்குதான்.

"சரி. கொம்மா ராத்திரி உன்னட்ட என்ன சொல்லுறவ? விளக்கை நூரடா எண்டுதானே? 'மைந்தனே, தீபத்தை அணைப்பாயாக' எண்டு சொல்லுறவவோ?"

வகுப்பு சிரித்து அடங்கிய பிறகு கரும்பலகையில் எழுதினார்: புட் அவுட். வீட்டில் பேசுகிற சொல் இது, மற்றது தீயணைப்புப் படையின் அறிக்கையில் வருகிற சொல் என்றார். அன்று தொடங்கி ஒவ்வொரு நாளும் இரண்டு பக்கமும் எழுதுவார். இடப்பக்கம் சின்னச் சொல், வலப்பக்கம் பெரிய சொல். சோதனையைப் பிற்போட்டால் புட் ஓஃப், அதன் பெரிய சொல் போஸ்ட்போன். பொறுத்துக்கொண்டால் புட் அப் வித், பெரிய சொல் ரொலறேற். பொருள் ஒன்றாக இருந்தாலும் இடம் வேறு, ஒன்றை மற்றதன் இடத்தில் வைத்தால் சாரத்தோடு கலியாண வீட்டுக்குப் போனது மாதிரி இருக்கும் என்பது அவர் கட்சி.

வினைக்குப் பின்னால் வரும் அந்தச் சின்னச் சொல்லை அவர் 'வால்' என்றுதான் சொல்வார். தலையைப் பார்க்காதே, வாலைப் பார் என்பார். அவுட் என்ற வால் பல இடங்களில் ஒன்று தீர்ந்துபோவதை அல்லது இல்லாமல் போவதைச் சொல்லும். விளக்கு கோ அவுட், எண்ணெய் ரண் அவுட், ஒரு வழக்கம் டை அவுட். ஓஃப் பல இடங்களில் விலக்கும், தள்ளும், நிறுத்தும். அப் பல நேரம் முழுசாக முடிப்பதற்கு வரும்: ஈற் அப் என்றால் கோப்பையில் ஒன்றும் மிச்சமில்லை. இதைக் கேட்டபோது எல்லாப் பூட்டுக்கும் திறப்புக் கிடைத்துவிட்டது போல இருந்தது. ஆனால் அவரே அடுத்த கிழமை அதை உடைத்துவிட்டார். புட் அப் வித் என்பதில் எது முடிகிறது, சொல்லு பார்ப்போம் என்றார். ஒருவருக்கும் தெரியவில்லை. "எனக்கும் தெரியாது. இது பாடமாக்கிற சாமான்" என்றார். இப்போது பிள்ளைகளின் ஆங்கிலப் புத்தகங்களில் இந்த வால் கணக்கை ஏதோ விஞ்ஞானம் போலப் படம் போட்டு விளக்குகிறார்கள். பாதிக்குப் பாதிதான் சரிவரும் என்பதை மாஸ்டர் எங்களுக்கு அப்போதே சொல்லிவிட்டார்.

அவர் விடாப்பிடியாக நின்றது சொல்லொழுங்கில். சோதனையைப் பிற்போட்டார்கள் என்று சொல்ல, சோதனை என்ற சொல்லை வாலுக்கு முன்னும் வைக்கலாம், பின்னும் வைக்கலாம். ஆனால் 'இற்' என்று சுருக்கிவிட்டால் அது நடுவில்தான் இருக்க வேண்டும். புட் இற் ஓஃப். புட் ஓஃப் இற் என்று எழுதினால் கொப்பி பறக்கும். இரண்டு வால் உள்ளதைப் பிரிக்கவே கூடாது, புட் அப் வித் இற். பிறகு அழுத்தம். புட் இற் ஓஃப் என்று சொல்லும்போது ஓஃபில்தான் குரல் ஏற வேண்டும் என்பதற்காக அந்த இடத்தில் மேசையில் விரல் கணுவால் ஒரு குட்டு. முப்பது பொடியன்கள் சேர்ந்து வாங்கில் குட்டினால் பக்கத்து வகுப்பு என்ன பாடுபட்டிருக்கும்! அங்கே நடந்தது சைவசமய பாடம். அந்த ஆசிரியர் எங்களை எப்படிப் பொறுத்துக்கொண்டாரோ தெரியவில்லை.

எங்கள் தமிழிலேயே இந்தச் சரக்கு இருக்கிறது என்று காட்டவும் அவருக்கு வழி இருந்தது. சாப்பிட்டுப்போட்டு, குளிச்சுப்போட்டு, விட்டுப்போட்டு என்று யாழ்ப்பாணத்தார் மூச்சுக்கு மூச்சுப் போட்டபடி இருக்கிறோமே, அந்தப் 'போட்டு'வில் எதை எங்கே போடுகிறோம் என்று கேட்டார். அதை நாங்கள் அகராதி பார்த்தா பழகினோம்?

வீட்டுவேலை வானொலி. பற்றரி கிடைக்காத காலம். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடும். சுற்றுகிறவர் களைத்தால் செய்தி இழுபடும். பெரியவர்கள் பிபிசியின் தமிழ் ஒலிபரப்பான தமிழோசைக்குக் காத்திருப்பார்கள். நாங்கள் அதற்கு முன்னரோ பின்னரோ பிபிசியின் ஆங்கிலச் செய்தியைக் கேட்டு அதில் வருகிற வால்களைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அங்கேதான் புட்டை விட்டு 'பிரேக்' என்ற குடும்பத்துக்குள் நுழைந்தோம். சண்டை வெடித்தால் பிரேக் அவுட், பேச்சு குழம்பினால் பிரேக் டவுன், ஒரு தரப்பு இடையில் முறித்துக்கொண்டு எழும்பினால் பிரேக் ஓஃப், கூட்டத்தைக் கலைத்தால் பிரேக் அப், அரணை உடைத்துக்கொண்டு போனால் பிரேக் த்ரூ. ஆங்கிலேயரின் பிள்ளைகள் உடைந்த பொம்மையை வைத்துப் படிக்கிற வினையை நாங்கள் பொஸ்னியாவையும் எங்களையும் வைத்துப் படித்தோம். 1995 ஏப்ரலில் போர்நிறுத்தம் முறிந்தபோது வகுப்பில் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

அவர் உதாரணம் தெரிவதில் கவனமானவர். 'புட் டவுன்' என்பதற்குக் கீழே வை, எழுதிவை, ஆளை மட்டந்தட்டு என்று பல பொருள் சொல்லிவிட்டு, கிளர்ச்சியை அடக்கு என்ற பொருளுக்கு 1848 மாத்தளைக் கிளர்ச்சியை எடுத்தார். தேசாதிபதி ரொரிங்ரனின் அரசு அதைப் புட் டவுன் பண்ணியது என்று ஒரு வசனம். அதற்குக் கிட்டடியில் உதாரணம் தேட அவரும் போகவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு, சண்டைக்குப் பயந்து வலிகாமப் பகுதியே எழும்பிக் குடாநாட்டின் மறுபக்கம் தென்மராட்சிக்குப் போனதை இந்த மலரில் பலர் எழுதியிருக்கிறார்கள், நான் திரும்ப எழுதவில்லை. சில நாள் கழித்துச் சாவகச்சேரியில் ஒரு கிணற்றடி வரிசையில் மாஸ்டரைக் கண்டேன். சாரமும் தோளில் துவாயும், கையில் யாரோ வீட்டு வாளி. எங்கே சேர் இருக்கிறியள் என்று கேட்டேன். தூரத்துச் சொந்தம் ஒருவர் வீட்டில் ஐந்து குடும்பமாம். "அந்த மனுசன் எங்களைப் புட் அப் பண்ணியிருக்குது. ஆனா எங்களோட புட் அப் வித் பண்ணுறதுதான் அதுக்குப் பெரிய பாடு" என்றார். இடம்பெயர்ந்தவரைத் தங்கவைப்பது ஒரு வால், அவர்களைச் சகித்துக்கொள்வது இரண்டு வால். வரிசையில் நின்ற நானும் இன்னொரு பழைய மாணவனும் மட்டும் சிரித்தோம். மற்றவர்கள் எங்களை ஒரு மாதிரிப் பார்த்தார்கள்.

பிறகு லண்டன். நம்மவர் பலரைப் போல என் முதல் வேலையும் பெற்றோல் நிலையத்தில், இரவு வேலை. ஆங்கிலத்தில் உயர் புள்ளி எடுத்து வந்த நண்பர்கள் கல்லாவுக்கு முன்னால் விழி பிதுங்கியதைப் பார்த்திருக்கிறேன். அங்கே லத்தீனுக்கு வேலையே இல்லை. வாகனத்துக்கு நிரப்பினால் ஃபில் அப், கைபேசிக்குக் காசு போட்டால் ரொப் அப், விடியற்காலையில் கல்லாக் கணக்கை முடித்தால் காஷ் அப். மூன்றிலும் மாஸ்டரின் முடிக்கிற வால் கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது. காசு கொடுக்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் அது டிரைவ் ஓஃப். அந்தச் சொல் எங்கள் தமிழுக்குள்ளேயே குடியேறிவிட்டது: "இண்டைக்கு ரெண்டு டிரைவ் ஓஃப், முதலாளி கத்தப்போறார்." சில இடங்களில் கத்துவதோடு நிற்காது, சம்பளத்திலும் கைவைப்பார்கள். அது வேறு கதை.

புட் மட்டும் எத்தனை விதமாக வந்தது! தலைமைக் கந்தோருக்கு அடித்தால், புட் யூ த்ரூ என்று இணைப்பார்கள். அட்டை வேலை செய்யாவிட்டால் இன்னொருக்கால் புட் த்ரூ பண்ணிப் பார் என்பார் வாடிக்கையாளர். ஞாயிறுப் பத்திரிகை ஒன்றைத் தனக்கென்று எடுத்து வைக்கச் சொன்ன கிழவர் புட் பை என்றார். விலைப்பலகையைப் பார்த்து, திரும்பவும் புட் அப் பண்ணிவிட்டார்களே என்று திட்டாத ஆள் கிடையாது. ஒக்ரோபர் கடைசி ஞாயிறு மணிக்கூட்டைப் புட் பாக் பண்ணும்போது இரவு வேலைக்காரனுக்கு ஒரு மணித்தியாலம் கூட வேலை. அதற்குக் காசு உண்டா இல்லையா என்பது முதலாளியின் மனதைப் பொறுத்தது. மேல்மாடி வீட்டுக் கிழவி ஒருநாள் கதவைத் தட்டி, உனக்கு இடைஞ்சல் தரவில்லையே என்ற கருத்தில் புட்டிங் யூ அவுட் என்றபோது, ஜாம் போத்தல் விளக்குக்குச் சொன்ன அதே சொல் மனிசரையும் தொடும் என்பது விளங்கியது. இந்தப் பொருளை மாஸ்டர் சொல்லித் தந்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் இற் நடுவில் இருக்கும் என்று பழகிய காதுக்கு, நடுவில் யூ வந்து நின்றதும் பிடிபட்டது.

2000 செப்ரெம்பரில் எரிபொருள் விலையை எதிர்த்து லொறிக்காரரும் கமக்காரரும் எண்ணெய்க் களஞ்சியங்களை மறித்தபோது, நாடு முழுக்கப் பெற்றோல் நிலையங்கள் வற்றிப் போயின. எங்கள் நிலையத்திலும் காலையோடு முடிந்தது. அறிவித்தல் எழுதும் பொறுப்பு என் தலையில். கூட நின்றவன், பள்ளிக்கூடத்தில் முன்வாங்குக்காரன் வகையறா, இருப்பு முற்றாகத் தீர்ந்துவிட்டதை வருத்தத்துடன் அறியத்தருகிறோம் என்ற தோரணையில் நாலு வரி தயாரித்தான். நான் சொறி, ரண் அவுட் என்று மட்டும் எழுதி ஒட்டினேன். வரிசையில் வந்தவர்கள் கண்ணாடிக்குள்ளால் படித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பின்னர் ஆங்கிலமே என் தொழிலானது. புதிதாக வந்தவர்களுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். அதற்காகப் படித்தபோதுதான் மாஸ்டர் தனியாள் இல்லை என்று தெரிந்தது. சாமுவேல் ஜோன்சன் 1755இல் வெளியிட்ட அகராதியின் முன்னுரையிலேயே, வினையோடு ஒரு சிறு சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம் பிறமொழிக்காரருக்கு மிகப் பெரிய தொல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். பிரேசல் வேர்ப் என்று நாம் இன்று சொல்கிற பெயரை 1925இல் தன் நூலில் எழுதிப் புழக்கத்துக்கு விட்டவர் லோகன் பியர்சல் ஸ்மித். அது ஒக்ஸ்போர்ட் அகராதியின் பதிப்பாசிரியர் ஹென்றி பிராட்லி யோசனை சொன்ன பெயர். எங்கள் மாஸ்டர் அந்தப் பெயரை ஒருநாளும் வாயில் எடுத்ததில்லை. தெரியாமல் இருந்திருக்காது. வால் அவருக்குப் போதுமாக இருந்தது, எனக்கும் வகுப்பில் அதுதான் கைகொடுக்கிறது. சோமாலியப் பெண் ஒருவர் வால் என்பதைத் தன் மொழியில் ஏதோ சொல்லிக் குறித்துக்கொள்கிறார்.

கடைகளில் ஆயிரம் பிரேசல் வேர்ப், ஐயாயிரம் பிரேசல் வேர்ப் என்று அகர வரிசையில் பட்டியல் விற்கிறார்கள். என் வகுப்புக்கும் யாராவது அதைக் காவிக்கொண்டு வருவார்கள். அப்படிப் பாடமாக்கியவர் எவரும் வாய் திறந்து பேசி நான் கண்டதில்லை. ஒரு வினையை எடுத்து, சமையலறையில் இருந்து செய்தி வரைக்கும் அதன் பின்னால் அலைந்தால்தான் ஒட்டும். தவணை ஒன்று போனால் போகட்டும்.

அந்தத் தவணையில் மாஸ்டர் எங்களுக்கு ரோணியோ அடித்த தாள்கள் தந்தவர். பத்திரிகையே கொப்பித் தாளில் அச்சான காலத்தில் அவருக்கு எங்கிருந்து கடதாசி கிடைத்ததோ. சிலது பழைய வரவுப் பதிவேட்டின் மறுபக்கம். எங்கள் குடும்பம் இடம்பெயர்ந்தபோது நான் காவி வந்தவற்றில் மூன்று தாள் தப்பியிருக்கிறது: புட் அவுட், புட் ஓஃப், பிரேக் குடும்பத்தில் பாதி. கனடாவில் இருக்கும் வகுப்புத் தோழன் ஒருவனிடம் இன்னும் இரண்டு உண்டு. எல்லாவற்றையும் சேர்த்து அடுத்த மலரில் போட மலர்க்குழு இணங்கியிருக்கிறது. வீட்டில் பழைய பெட்டிகளுக்குள் தேடிப் பாருங்கள். தாளைத் தபாலில் அனுப்ப வேண்டாம், படம் எடுத்து அனுப்பினால் போதும். மாத்தளை உதாரணம் உள்ள புட் டவுன் தாள் எங்கள் இருவரிடமும் இல்லை, யாரிடமாவது இருந்தால் அதை முதலில் அனுப்புங்கள்.