மனச்சோர்வு மாத்திரை ஏன் மெதுவாக வேலை செய்கிறது?

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) டாக்டர் மாத்திரை எழுதித் தந்தாலும், முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். பலர் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள்.

செர்ட்ராலின், ஃபுளுவாக்ஸெட்டின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள், மூளை செல்களுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் திரும்ப உறிஞ்சப்படுவதைச் சில மணி நேரத்திலேயே தடுக்கத் தொடங்கிவிடும். பிறகு ஏன் தாமதம்? ஒரு விளக்கம், மூளையில் நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸில் உள்ள டென்டேட் கைரஸ் என்ற சிறு பகுதி. அங்கே மூலசெல்கள் பிரிந்து புதிய நியூரான்கள் (நரம்பு செல்கள்) உருவாகின்றன. நீண்டநாள் மன அழுத்தத்தில் கார்ட்டிசோல் என்ற ஹார்மோன் கூடியே இருந்தால் அந்தப் பிரிதல் குறையும். எலிகளுக்கு மருந்தை ஓரிரு நாள் கொடுத்தபோது மாற்றமில்லை. இரண்டு முதல் நான்கு வாரம் கொடுத்தபோது புதிய செல்கள் கூடின. பிறந்த செல் முதிர்ந்து மற்றவற்றோடு இணையவும் வாரக்கணக்கில் ஆகும். 2003-ல் சுண்டெலிகளின் ஹிப்போகாம்பஸில் எக்ஸ்-ரே பாய்ச்சிச் செல் பிறப்பைத் தடுத்தார்கள். பிறகு ஃபுளுவாக்ஸெட்டின் கொடுத்தும் அவற்றின் நடத்தையில் பலன் தெரியவில்லை.

மனிதர் விஷயத்தில் சண்டை ஓயவில்லை. பெரியவர் மூளையில் புதிய நியூரான்கள் உண்டு என்று 1998-ல் காட்டினார்கள். ஏறக்குறைய இல்லவே இல்லை என்றது 2018 ஆய்வு. ஏராளம் என்றது 2019 ஆய்வு. இறந்தவர் மூளையைப் பதப்படுத்தும் விதமே முடிவை மாற்றிவிடும். ஆகவே ‘மூளை செல்லை வளர்க்கும் மாத்திரை’ என்று வரும் வாட்ஸ்அப் செய்தியை ஒதுக்குங்கள்.

மருந்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் கொடுங்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும், தலைக்குள் மின்சாரம் பாய்வது போன்ற அதிர்வும் வரலாம். டாக்டரிடம் சொல்லி அளவைப் படிப்படியாகக் குறையுங்கள். தொடக்க வாரங்களில், குறிப்பாக 25 வயதுக்குக் கீழே, தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் அன்றே டாக்டரைப் பாருங்கள்.